அக்காவுக்குக் கொண்டுபோன சீப்பு

சுங்கத்தில் என் பெட்டியைக் கிளறிய அதிகாரி, கொம்புச் சீப்பை மட்டும் வெளியே எடுத்தார். சீப்பைப் பார்த்தார். பிறகு என் வழுக்கைத் தலையைப் பார்த்தார்.

"இது யாருக்குப் பெரியவரே?"

"எங்க அக்காவுக்குங்க ஐயா. கொடைக்கானல் மலையில இருக்காங்க."

"கொடுத்து வச்ச அக்கா" என்று சிரித்துப் பெட்டியை மூடினார்.

அவருக்கு என்ன தெரியும்! அந்தச் சீப்புக்கு இனி வேலையே இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் நான் இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்திருந்தேன்.

சொன்னவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கருப்பையா. பழனிக்குப் பக்கத்து ஆயக்குடிதான் அவருக்குச் சொந்த ஊர். ஊருக்குப் போய்த் திரும்பியவர் விபூதிப் பொட்டலத்தோடு நேரே என் வாசலுக்கு வந்தார். "அண்ணே, உங்க அக்காவப் பழனி அடிவாரத்துல பாத்தேன். மொட்டை போட்டுட்டு மரத்தடியில உக்காந்திருந்தாங்க. பேசலாம்னு போனேன், அதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டான். பாத்தீங்களா, கடைசியில எங்க முருகன் கூப்பிட்டுட்டான்!" என்றார். மனிதர் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆள் மாறியிருக்கவும் வழியில்லை. முன்பு ஒருமுறை நான் கொடுத்தனுப்பிய சேலையை அக்காவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவரே அவர்தான்.

என் அக்கா அன்னம்மாளுக்கு எழுபது வயது நெருங்குகிறது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து கொடைக்கானலில்தான் இருக்கிறாள். அத்தான் ஒரு மிஷனரி பங்களாவில் தோட்டக்காரர். அவரைப் புதைத்தாள். வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரையும் புதைத்தாள். வெள்ளைக்காரர்கள் பங்களாவை விற்றுவிட்டுப் போனபோது இருந்த வீடும் போய், பக்கத்து வில்பட்டி கிராமத்தில் குடியேறினாள். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வேதக்கோவிலில் பாயில் முதல் ஆளாக உட்காருவாள்.

என் மனைவி இறந்தபோது எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் கோபம்தான் வந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவள் சபையை நடத்தும் உபதேசியார் எழுதி அனுப்பினார்: "ஜெபிக்க முடியலன்னா சும்மா உக்காந்திரு. ஒனக்கும் சேத்து நான் இங்கன ஜெபிச்சுக்கிறேன்." அந்த ஒரு சொல்லில்தான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், என் விசுவாசம் தன் காலில் நின்றதே இல்லை. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்போது அவளே கர்த்தரை விட்டுவிட்டாள் என்றால் நான் யாரைப் பிடிப்பது? கொஞ்ச காலமாக அவளிடமிருந்து கடிதமும் இல்லை. நேரில் பார்க்காமல் என் மனம் ஆறாது என்று கிளம்பினேன். சீப்பு, கருப்பையா வருவதற்கு முன்பே வாங்கி வைத்தது. அக்காவின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். கேள்விப்பட்டது பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் ஆயக்குடி. கருப்பையா தங்கைக்குக் கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலத்தை அவள் வீட்டில் சேர்த்தேன். அவள் ஒரு கூடைக் கொய்யாவை என் முன்னால் கவிழ்த்து, அரிந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, தின்னாமல் எழுந்திருக்கவே விடவில்லை. எங்கள் மலைநாட்டில் கொய்யா உண்டு, இந்த மணம் இல்லை. வாய்தான் ருசி பார்த்தது. மனம் அக்காவிடம் இருந்தது.

அங்கிருந்து பழனி. ஒரு கடையில் "தேத்தண்ணி ஒண்ணு" என்றேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, "சிலோனுங்களா? இங்க டீன்னு கேட்டாத்தான் வரும்" என்றார். பக்கத்து பெஞ்சு முழுக்க மொட்டைத் தலைகள், சந்தனம் பூசியவை. ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள் கூட. ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் நான் அக்காவைப் பார்த்தேன்.

பக்கத்திலிருந்த ஒருவர் என் தலையைச் சுட்டிக்காட்டி, "என்னங்க, தரிசனம் ஆச்சா? சந்தனம் பூசலயா? வெயிலு சுட்டுப்புடுமே" என்றார்.

"இது முடி கொட்டிப் போன தலைங்க. ரொம்ப வருஷமாச்சு" என்றேன்.

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டாம் நாள் மலை பஸ். பாதி மலை ஏறியதும் வண்டியின் மூக்கிலிருந்து புகை வந்தது. "எறங்குங்க, எறங்குங்க! வண்டிக்குத் தண்ணி தவிக்குது" என்று கண்டக்டர் கத்தினார். எல்லாரும் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். எங்கள் ஊர் மலைப்பாதையிலும் வண்டிகள் இப்படி மூச்சு வாங்கும். ஆனால் அங்கே தேயிலை ஒரே மட்டமாக வாரிவிட்ட மாதிரி இருக்கும். இங்கே மலை தன் இஷ்டத்துக்குக் காடாக நிற்கிறது.

காலிக் கூடையை மடியில் வைத்துச் சாலையோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள். பேத்துப்பாறைக்காரியாம். நான் வில்பட்டிக்கு அன்னம்மாளைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"வேதக்கார அக்காவா? எங்களுக்குத் தெரியாம என்ன! ராக்கம்மா தோட்டத்துல இருக்காகளே. ரெண்டு மொட்டையும் ஒண்ணாப் பழனிக்குப் போயிட்டு வந்துச்சுக. பூண்டு மூட்டை ஏத்துன மட்டக்குதிரைக்குப் பின்னாடியே, ஒருத்தி கைய ஒருத்தி புடிச்சுக்கிட்டு."

"நீங்களே பாத்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். ஏன் அண்ணே, முகம் வாடிப்போச்சு? பழனிக்குப் போயிட்டு வந்தா நல்லதுதானே?"

நான் எழுந்து வண்டிப் பக்கம் நடந்தேன். அதற்குள் கண்டக்டர் ஊற்றுத் தண்ணீரோடு வந்துவிட்டார். மீதி மலையை ஏறும்வரை நான் சன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை.

கொடைக்கானலில் இறங்கியபோது மூடுபனி. ஏரிப் பக்கம் சீசனுக்கு வந்தவர்கள் கம்பளிச் சட்டையோடு திரிந்தார்கள். ஒருவன் "சார், போட் வேணுமா? குதிரை வேணுமா?" என்று பின்னாலேயே வந்தான். என் வேட்டியையும் தகரப் பெட்டியையும் கிட்டத்தில் பார்த்தபின் அவனாகவே விலகிக்கொண்டான்.

அன்று தங்கியது உபதேசியார் வீட்டில். அக்காவுக்காக எழுதித் தந்த அதே மனிதர். மூத்தவர், நல்லவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். காப்பி கொடுத்தார். அக்கா பேரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அவங்க இப்பக் கோவிலுக்கு வர்றதில்லைங்க."

"ஏன்னு கேட்டீங்களா ஐயா?"

"நடுவுல கொஞ்ச நாள் ஆளக் காணோம். பழனியில முடி எறக்கிட்டு வந்திருக்காங்கன்னு ஊரே சொல்லுது. இத எப்படிங்க ஒரு பெரிய மனுஷிகிட்டப் போய்க் கேக்குறது?" துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். "ஞாயித்துக்கெழம அறுப்பின் பண்டிகை. போன வருஷம் வரைக்கும் மொதக் காணிக்கை அவங்கதுதான்."

மூன்றாம் நாள் வெள்ளனே வில்பட்டிக்கு இறங்கினேன். எதிரே தோட்ட வேலைக்காரர்களும் பங்களா வேலைக்காரர்களும் டவுனை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பேரிக்காய் மரங்கள், படிப்படியாகப் பூண்டும் பட்டாணியும். எங்கே பார்த்தாலும் பிடுங்கிப்போட்ட பூண்டின் வாசம். வழி கேட்டுக்கேட்டு ராக்கம்மா வீட்டைக் கண்டுபிடித்தேன்.

வாசலில் இரண்டு பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பூண்டைத் தண்டோடு பிடிபிடியாக முடிந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் தலையில் கம்பளித் துண்டு போட்டிருந்தார்கள். வெயில் வந்ததால் துண்டு பிடரிக்கு நழுவியிருந்தது. இரண்டு தலையிலும் ஆண்பிள்ளைக் கிராப்பு போலக் குட்டை முடி. ஒரு தலை நரை, மற்றது கறுப்பு. என் அக்காவை நான் அப்படியா பார்க்க வேண்டும்! இன்னும் ஓரடி எடுத்து வைத்தேன். செருப்புச் சத்தத்தில் நரைத்த தலை திரும்பியது.

"ஏலே... யேசடியானா?"

எழுந்து ஓடிவந்து என் கன்னத்தைத் தடவினாள். கையெல்லாம் பூண்டு. எனக்குக் கண்ணில் நீர் வந்தது பூண்டாலா வேறெதாலா என்று தெரியவில்லை. என் கண் போகிற இடத்தை அவள் கவனித்துவிட்டாள்.

"என்னலே, தலையவே பாக்குற? ஒனக்கு இருக்கிறதவிட எனக்குக் கூடத்தான் இருக்கு."

பக்கத்திலிருந்த ராக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். அக்கா குடியிருப்பது அவர்கள் தோட்டத்து அறையில்தான். உள்ளேயிருந்து அவள் புருஷன் பெரியசாமி வந்து, "வாங்க மச்சான். நம்ம வீட்ல இப்ப ரெண்டு மொட்டை. எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்றார்.

எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கவும் தைரியம் இல்லை. கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ராக்கம்மா உலை வைத்தாள். அரிசியைக் களையப் போகுமுன் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, மூலையிலிருந்த மண்கலயத்தில் போட்டு மூடினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எங்கள் சபை வழக்கம். ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று ஒதுக்கிச் சேர்த்துக் கோவிலில் படைப்போம். நெற்றி நிறையத் திருநீறு பூசிய இந்தப் பெண் அதை எதற்குச் செய்கிறாள்?

"அது என்ன தங்கச்சி?"

"அக்கா சாமிக்குள்ளது அண்ணே. இப்ப ரெண்டு வீட்டுக்கும் ஒரே உலை. அக்கா நோவுல கெடந்தப்போ யாரு போடுறது? நாந்தான் போட்டேன். அப்பறம் கைப்பழக்கமாப் போச்சு."

சோறும் பூண்டுக் குழம்பும் உருளைக்கிழங்கும் வந்தன. நாங்கள் வட்டமாக உட்கார்ந்தோம். அக்கா கண்ணை மூடினாள். பெரியசாமியும் ராக்கம்மாவும் கையைச் சோற்றில் வைக்காமல் பொறுத்திருந்தார்கள். அது அவர்களுக்குப் பழகியிருந்தது. அக்கா ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் சொன்னாள். சமைத்த கைக்காகச் சொன்னாள். பூண்டுக்கு மழை கெடுக்காமல் இருக்க வேண்டினாள். பிறகு, மூச்சு விடாமல், தினமும் சொல்லித் தேய்ந்த குரலில், "சிலோன்ல தனியாக் கெடக்குற என் தம்பி யேசடியானையும் கைவிடாம பாத்துக்கங்க ஆண்டவரே. அவனால முடியாத நாளுக்கும் சேத்து நான் கேக்குறேன்" என்றாள்.

பெரியசாமி மெதுவாக, "அக்கா, மச்சான் இங்கனதானே உக்காந்திருக்காரு" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அட ஆமா! வாய்ப்பழக்கம்" என்றாள்.

நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிறு பிள்ளை மாதிரி அழுதேன். என்ன அழுகை என்று அவர்களுக்குப் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்த பாரம் அந்த ஒரு வரியில் இறங்கிவிட்டது. எது எப்படி இருந்தாலும் சரி, அக்கா விடவில்லை. என்னைக்கூட விடவில்லை.

சாப்பிட்ட பிறகுதான் கேட்டேன். கருப்பையா சொன்னது, பஸ்ஸில் கேட்டது, எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா என்னை வைவாள் என்று நினைத்தேன். அவளோ பூண்டு முடிந்துகொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"டைபாய்டுலே. சபைக்குச் சொல்லிவிடக்கூட ஆளில்லாம ஆஸ்பத்திரியில கெடந்தேன். முடியெல்லாம் சடையாகி, கொத்துக்கொத்தா உதிர ஆரம்பிச்சிருச்சு. நர்ஸம்மா வழிச்சு எடுத்துட்டாங்க. எனக்கு அதுகூடத் தெரியாது. நெனவே இல்ல. நெனவு வந்த நேரத்துலயும் ஜெபம் ஒரு சொல்லு வாயில வரல. சின்னதுல படிச்சதெல்லாம் போச்சு. ஆண்டவரே, என் வாயையும் கட்டிட்டீரான்னு படுத்திருந்தேன்."

ராக்கம்மா இடையில் புகுந்தாள். "அக்கா காலையில ஜெபம் சொல்லுறத நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் வருஷக்கணக்கா கேட்டிருக்கேன்ல. பாதி எனக்கே மனப்பாடம். கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து நானே சொன்னேன். மறந்த எடத்துல எங்க முருகனையும் சேத்துக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க அண்ணே. அப்ப எந்தச் சாமியக் கூப்புடுறது, எதை விடுறதுன்னு எனக்குத் தெரியல."

"அதோட விட்டாளா?" என்றாள் அக்கா. "நான் பொழச்சு எந்திரிச்சா தன் முடியப் பழனிக்குத் தாரேன்னு நேந்துக்கிட்டா. முழங்கால் வரைக்கும் உள்ள முடிலே! நான் எந்திரிச்சதும் கெளம்பிட்டா. எறக்கத்துல எறங்குனா அவளுக்குத் தலைசுத்து வரும். எனக்காக நேந்தவளைத் தனியாவா அனுப்புறது? அதான் கூடப் போனேன். அவ மேல மலைக்குப் போனா, நான் அடிவாரத்துல அவ செருப்புக்குக் காவல் இருந்தேன். அப்பத்தான் ஒங்க கருப்பையா பாத்திருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. "இத உபதேசியார்கிட்டச் சொன்னா என்ன அக்கா? நீ கோவிலுக்குப் போறதையே விட்டுட்டியாமே!"

"விடலலே. திரும்பி வந்த வாரம் போனேன். பாயில உக்காந்தேன். பக்கத்துல இருந்தவ நகந்து உக்காந்தா. ஐயா ஸ்தோத்திரம் சொல்லாமத் தாண்டிப் போனாரு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேக்கல." பூண்டை இழுத்து முடிந்தாள். "நானா வாயத் தொறந்தா, 'நான் போடல, அவதான் போட்டா'ன்னு ராக்கம்மா முடிய இழுக்கணும். எனக்காகக் குடுத்தத நாலு பேரு வாயில போட்டு மெல்ல விடவா? கோவிலுக்கு மணி அடிக்கையில இங்கன முழங்கால் போட்டுக்கிறேன். காத்து நல்லா இருந்தா மணி கேக்கும்."

ராக்கம்மா முகம் மாறிவிட்டது. "இதுக்கா அக்கா போகாம இருந்த? முழங்கால் வலின்னுல்ல எங்கிட்டச் சொன்ன!"

"முழங்காலும் வலிக்கத்தான் செய்யுது."

"பேசாத" என்றாள் ராக்கம்மா. அதன்பின் அன்று முழுவதும் அவள் அக்காவோடு பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின.

ஞாயிற்றுக்கிழமை காலை ராக்கம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, அரிசிக் கலயத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றாள். கழுத்து வரை நிரம்பியிருந்தது கலயம். பெரியசாமி ஒரு மூட்டைப் பூண்டைத் தோளில் ஏற்றினார்.

"நீ எங்கடி கெளம்புற?" என்றாள் அக்கா.

"ஒனக்குக் கலயம் தூக்க வலு இருக்கா? வெரசா நட."

அறுப்பின் பண்டிகைக்குக் கோவில் வாசல் முழுக்கக் கோஸும் கேரட்டும் கோழியுமாகக் கிடந்தது. அக்காவைக் கண்டதும் பேச்சு அடங்கியது. அவளுக்குப் பின்னால் திருநீற்றோடு ராக்கம்மாவைப் பார்த்ததும் சுத்தமாக நின்றுபோனது. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார்.

நான் அவர் பக்கத்தில் போய், "கேட்டாத்தான் சொல்லுவாங்களாம் ஐயா. கேளுங்க" என்றேன்.

அவர் தயங்கித் தயங்கி, "அன்னம்மா... நீங்க பழனிக்குப் போனீங்களா?" என்றார்.

"போனேன் ஐயா."

"முடி...?"

"ஆஸ்பத்திரியில வழிச்சாங்க. டைபாய்டு."

"அப்பப் பழனிக்கு எதுக்கு?"

அக்கா வாயை மூடிக்கொண்டாள். ராக்கம்மா கலயத்தைக் கீழே வைத்தாள். தலைத் துண்டை எடுத்துவிட்டாள்.

"அங்க குடுத்தது என் முடி சாமி. இந்த அக்கா பொழைக்கணும்னு நான் நேந்தது. இவுக மலை ஏறவும் இல்ல, கும்புடவும் இல்ல. எனக்குத் தலைசுத்து வரும்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாக. அதுக்கு இத்தன நாளு ஒதுக்கி வச்சுட்டீங்களே! இந்தக் கலயத்துல இருக்கிறது ஒங்க சாமிக்கு இவுக வீட்ல வச்ச அரிசி. ஒரு வேளை தப்பல. எண்ணிப் பாக்கணும்னா பாத்துக்கங்க."

யாரும் எண்ணவில்லை. உபதேசியார் கண்ணாடியைப் போட முயன்றார். காதில் மாட்டவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் வந்து, "ஸ்தோத்திரம் அன்னம்மா" என்றார். "ஸ்தோத்திரம் ஐயா" என்றாள் அக்கா, போன வாரமும் வந்தவள் மாதிரி. முன்பு நகர்ந்து உட்கார்ந்தவளாக இருக்க வேண்டும், ஒரு கிழவி பாயைத் தட்டி, "வாங்க, வந்து உக்காருங்க, தரை குளுரு" என்று இருவருக்கும் இடம் விட்டாள். ராக்கம்மா உள்ளே வரவில்லை. செருப்புகளுக்குப் பக்கத்தில் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். "அன்னைக்கு இவுக இருந்தாக, இன்னைக்கு நான் இருக்கேன்" என்றாள்.

இந்தச் சங்கதியை ஆண்டவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று விளக்கும் படிப்பு எனக்கில்லை. படித்தவர்கள் சொல்லட்டும். என் அக்காவுக்கு வாய் கட்டிப்போன நாளில் இன்னொருத்தி அவளுக்கும் சேர்த்து வேண்டினாள். நான் வாயடைத்து உட்கார்ந்திருந்த நாளில் அக்கா எனக்குச் செய்ததும் அதுதான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். பூண்டுக்குக் குறைவாகக் கேட்டதும் வாசலிலிருந்து ராக்கம்மாவின் சத்தம் வந்தது: "ஏலே, மலைப்பூண்டுக்கு இதா வெல? பாதிக்குப் பாதியால்ல கேக்குறீங்க! நானே எடுத்துக்கிறேன்!" தன் பூண்டைத் தானே ஏலத்தில் எடுக்கப் போனவளைப் பெரியசாமிதான் இழுத்துப் பிடித்தார். கோவிலே சிரித்தது. உபதேசியார் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் பார்க்கிறோம் என்றார்கள்.

மறுநாள் கிளம்பும்போது பெட்டியைத் திறந்து சீப்பை எடுத்துக் கொடுத்தேன். அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒரு இழுப்பு இழுத்தாள். வேலை முடிந்துவிட்டது. அதை ராக்கம்மாவிடம் நீட்டினாள்.

"நீ வச்சுக்க. மொதல்ல ஒனக்குத்தான் வளரும்."

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு இருக்கட்டும்" என்று ராக்கம்மா அதை அரிசிக் கலயத்துக்கு மேலே, மாடத்தில் வைத்தாள்.

மேடு ஏறும்வரை அக்கா கூட வந்தாள். "ஒங்க ஊர்ல போயி மறைக்காத. அக்கா மொட்டைதான், அடிவாரத்துலதான் இருந்தான்னு சொல்லு. எதுக்குன்னும் சொல்லு" என்றாள். அதனால்தான் எனக்குத் தெரிந்த எழுத்தில் இதை எழுதுகிறேன்.

திரும்பி வந்ததும் கருப்பையாவிடம்தான் முதலில் சொன்னேன். கொழுந்துத் தராசைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பஸ்ஸ விட்டுட்டு ஒரு நிமிஷம் பேசியிருக்கலாம் அண்ணே" என்றார்.

இப்போது நான் முழங்காலில் நிற்கும்போது கோபம் வருவதில்லை. எனக்கென்று கேட்க அக்கா இருக்கிறாள். ஆகையால் நான் வில்பட்டியில் இருக்கும் அந்த இருவருக்கும் சேர்த்துக் கேட்கிறேன். மலையில் குளிர் அதிகம் ஆண்டவரே, அவர்களுக்கு முடி சீக்கிரம் வளரட்டும்.